மஞ்சள் கவுனில் ஒரு குறை

கவுன் பகவதியின் கையை விட்டுப் போய்விட்டது. இனி அது இடப்பக்கம் ஹெலன் மடியில் தொடங்கி, வட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு மடியிலும் ஏறி இறங்கி, கடைசியில் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற மரகதம் டீச்சரின் கைக்கு வந்து, அங்கிருந்துதான் இவளிடம் திரும்பும். அதுவரை அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மருமகளைப் பற்றிப் பேசலாம், குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசலாம், கையில் இருக்கிற துணியைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. பார்க்கலாம், அதுவும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுற்றி முடித்து உரியவள் கைக்கு வந்ததும் அவளேதான் முதல் வார்த்தை பேச வேண்டும், இதில் குறை இன்ன இடத்தில் இருக்கிறது என்று. அப்புறம்தான் மற்றவர்கள் பாராட்டலாம். "நல்லாருக்கு நல்லாருக்குன்னு மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருந்தா எல்லாரும் சேந்து கெட்டுப் போவோம்" என்று தொடக்கத்திலேயே டீச்சர் போட்ட சட்டம். பெருமாள்புரம் சனிக்கிழமைத் தையல் வட்டத்தில் இந்தச் சட்டத்தை மீறியவர்கள் இல்லை. குறை சொல்லாத உருப்படி காட்டிய கணக்கில் சேராது, அடுத்த மாதம் மறுபடி கொண்டு வர வேண்டும். சொல்லிவிட்டால் அது சுவரோரம் இருக்கிற அட்டைப் பெட்டிக்குள் போய்விடும், வருஷக் கடைசியில் பெட்டி அப்படியே அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குப் போகும். கையில் காட்டுவதற்கு உருப்படி உள்ளவர்களுக்குத்தான் வட்டத்தில் நாற்காலி. இதெல்லாம் பகவதிக்குத் தலைகீழாகத் தெரியும். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அந்த மஞ்சள் கவுனில் குறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதைத் தைத்தது அவள் இல்லை.

ஹெலன் கவுனை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிவிட்டாள். நர்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கை, பச்சைப் பிள்ளையைக் குப்புறப் போடுகிற மாதிரி ஒரே புரட்டு. நெஞ்சுப் பகுதி முழுக்க ஸ்மாக்கிங். துணியில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி நூல் ஓட்டிச் சுருக்கி, எழும்புகிற மடிப்புகளின் முதுகில் பூத்தையல் போட்டு, கடைசியில் சுருக்கு நூலை உருவிவிட வேண்டும். உருவின பிறகும் மடிப்பு கலையாமல் நின்றால் போட்டவள் கெட்டிக்காரி. நிற்கிறது, நிற்கிறது, ஹெலன் விரலால் நீவுகிறாள், நிற்கத்தான் செய்யும், அவர் போட்டது நிற்காமல் எங்கே போகும். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கடக்கென்று சொல்கிறது. போன தடவை வந்தபோதும் சொல்லிற்றா? போன தடவை என்றால் மாசி மாதம். பங்குனியில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடிக் காற்றில் குடியிருப்போர் சங்கக் கட்டிடத்தின் ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது, யாரோ செங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டாரை அணைத்தோமா? கிளம்பும்போது போட்டது நினைவிருக்கிறது, மாடித் தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்டது நினைவிருக்கிறது, சுவிட்சில் கை வைத்தது மட்டும் நினைவில் இல்லை. மோட்டார் அவர் இலாகா. நாற்பது வருஷத்தில் ஒரு நாள் அந்த சுவிட்சை அவள் தொட்டதில்லை. தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கும், அந்த அம்மாள் வந்து பெல் அடிப்பாள், யாரும் திறக்க மாட்டார்கள். "ஏன் பகவதியக்கா, பாதியா மெலிஞ்சிட்டியளே. ஒழுங்காச் சாப்பிடுதியளா?" என்றாள் ஹெலன், கண்ணைத் துணியை விட்டு எடுக்காமல். "சாப்பிடுதேன்" என்றாள் பகவதி. மாவு புளித்துப் போகிறது என்று சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று கை இன்னும் படிக்கவில்லை, இரண்டு பேருக்கு அரைத்துவிடுகிறது, மூன்றாம் நாள் புளித்து, நாலாம் நாள் பொங்கி வழிந்து, அப்புறம் வாசல் தென்னைக்குப் போகிறது. பரோடாவில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி மாத்திரை போட்டியா என்று கேட்பான். போட்டேன் என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது, அவன் நல்லவன்தான், பேச்சுதான் வராது. ஹெலன் கவுனை அடுத்த மடிக்குத் தள்ளிவிட்டாள்.

பகவதிக்குக் கண்ணில் சர்க்கரை இறங்கிய வருஷம்தான் இது தொடங்கியது. எட்டத்தில் இருக்கிறதெல்லாம் தெரியும், ஆள் தெரியும், அசைவு தெரியும், கைக்கருகில் இருக்கிற புள்ளிதான் கலைந்து போகும், பென்சில் புள்ளி ஒன்று இரண்டாகி மூன்றாகிக் கொசு மாதிரி பறக்கும். கண் ஆஸ்பத்திரியில் வெளிச்சம் பாய்ச்சினார்கள், இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாதிப் புள்ளி வைத்த துணியை அலமாரிக்குள் எறிந்தாள். அவர்தான் எடுத்தார். பொதுப்பணித்துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த மனிதர், பாலத்துக்கும் மதகுக்கும் படம் வரைந்தே தலை நரைத்தவர், கோமதிநாயகம் வரைந்த கோட்டில் ஈ உட்கார்ந்தாலும் தெரியும் என்று ஆபீசில் சொல்வார்களாம், சொன்னார்களோ என்னவோ, அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஸ்கேலும் முக்கோண மட்டமும் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் துணியை விரித்துப் புள்ளி வைத்தார். அவ்வளவுதான் முதலில். புள்ளி அவர், தையல் அவள். அப்புறம் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் அவள் போட்ட வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏட்டி, தப்பா நெனைக்காத, இந்த வரிசை தள்ளாடுது" என்றார். அவளுக்கு வந்ததே கோபம். "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே போடுங்க" என்று மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அடுக்களையில் நின்று வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினாள். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் அவள் வரிசையைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார், நாக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கூப்பிட்டால் காதில் விழவில்லை. அன்றைக்குச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பொறாமையாக இருந்தது, உள்ளதைச் சொன்னால் அதுதான். அதற்கப்புறம் அவள் ஊசியைத் தொடவே இல்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தைப்பார், காலிங் பெல் அடித்தால் மேலே பேப்பரை விரித்துவிடுவார். வெளியே சொல்லாதே, ஆம்பிளை தைக்கான்னு சிரிப்பாவ என்று அவர்தானே சொன்னார்? அவர்தான் சொன்னார். இல்லை, அவள் சொன்னாள், அவர் சரி என்றார். எது முதலில்? நாலு மாதமாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள், உட்கார்ந்தால் இது, படுத்தால் இது, பல் தேய்க்கும்போது இது, சிக்கு விழுந்த நூல் மாதிரி இழுக்க இழுக்க இறுகுகிறதே தவிர நுனி அகப்படவில்லை. யார் சொன்னால் என்ன. பெயர் வாங்கினது யார்? அவள்.

கவுன் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே யாரோ கறிவேப்பிலைக் கன்று பற்றிப் பேசுகிறார்கள், மோர் ஊற்றினால் தழைக்குமாம். மஞ்சள் நிறம் மட்டும் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குத் தாவுவது தெரிகிறது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் காபியைக்கூடத் தொட மாட்டார். "என்ன சொன்னாவ?" என்பார். நல்லாருக்குன்னு சொன்னாவ என்றால் போதாது. "யாரு சொன்னா? டீச்சர் சொன்னாளா? மடிப்பு சமமா இருக்குன்னு சொன்னாளா? பின்பக்கம் பாத்தாவளா?" ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்ல வேண்டும், யார் எப்படித் தலையாட்டினாள் என்பது வரை. சொல்வாள். சொல்லும்போது அவர் முகம் பரீட்சையில் தேறின பையன் முகம். குறை சொல்லும் சட்டத்தைக் கேட்டதும்தான் மனிதர் திண்டாடிப் போனார். குறையே இல்லாமல் போட்டுவிட்டு, குறையைத் தேடி, கிடைக்காமல், வேண்டுமென்றே ஒன்றை வைக்க ஆரம்பித்தார். இரண்டு மடிப்பைச் சேர்த்துக் கோக்க வேண்டிய இடத்தில் மூன்றைக் கோப்பார், அதையும் கண்ணில் படாதபடி கோப்பார். வைத்துவிட்டு, "எங்க இருக்கு கண்டுபிடி பாப்பம்" என்று சவால். கண் தெரியாதவளிடம் போய்ச் சவால், ஆனாலும் அவள் விரலால் தடவித் தடவித் தேடுவாள், அவர் பக்கத்தில் நின்று சிரிப்பார், அவள் செருப்பு மாட்டும்போதுதான் காதோடு சொல்வார், இடது கழுத்தோரம், மேலிருந்து இரண்டாவது வரிசை என்று. அவள் வட்டத்தில் வந்து அதைச் சொல்ல, ஆகா, இந்தச் சின்னப் பிசகு யாருக்குத் தெரியும் என்று இவர்கள் வியக்க. ஒரு ஐப்பசி மாதம் நல்ல மழை. கூட்டிக்கொண்டு போக ஸ்கூட்டரில் வந்தவர் உள்ளே வராமல் ஜன்னலுக்கு அந்தப்பக்கம், சன்ஷேடுக்கு அடியில், வண்டி மேல் சாய்ந்துகொண்டு நின்றார். உள்ளே அவர் போட்ட நீலக் கவுன் சுற்றிக்கொண்டிருந்தது. நனைந்த கம்பிகளுக்கு நடுவே அவர் முகம் கவுன் போகிற பக்கமெல்லாம் போயிற்று, அந்த மடி, இந்த மடி, அடுத்த மடி. ஹெலன்தான் பார்த்துவிட்டு, சாரை உள்ள வரச் சொல்லுங்கக்கா, நனையுதாவ என்றாள். "அவுகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், நிக்கட்டும்" என்றாள் பகவதி. சொன்னாளே. இந்த வாயால்தான் சொன்னாள். அவர் காதில் விழுந்திருக்குமா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் கேட்டது, டீச்சர் பின்பக்கம் பாத்தாளா என்பதுதான். விழுந்திருக்காது. விழுந்தாலும் அதைப் பற்றி அவர் கேட்டிருக்க மாட்டார்.

சுவரோரம் டீ பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. பிளாஸ்க்கும் எவர்சில்வர் டம்ளர்களும் மட்டும் இருக்கின்றன. போன வருஷம் அதில் லீலா உட்கார்ந்திருந்தாள். கை மூட்டெல்லாம் வீங்கி ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, வராதே என்று அவளை யாரும் சொல்லவில்லை. சும்மா வாங்க, சும்மா உக்காந்திருங்க, எங்களுக்கு டீ ஊத்திக் குடுங்க என்றார்கள், எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள், அதிலும் முதலில் சொன்னது பகவதிதான். லீலா டீ ஊற்றினாள். துணி வட்டத்துக்குள்ளேயே சுற்றும், பெஞ்சுக்குப் போகாது. அவளிடம் எல்லாரும் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டார்கள், ஒருவரும் இந்த நூல் நிறம் சரியா என்று கேட்கவில்லை. சில மாதம் வந்தாள், அப்புறம் மழை என்றாள், அப்புறம் விருந்தாளி என்றாள், அப்புறம் போன் பண்ணுவதையும் விட்டுவிட்டார்கள். பகவதிக்கு வீட்டில் மூன்று அறை, ஒரு கூடம். நாலிலும் டிவி சத்தம் கேட்கிற மாதிரி உரக்க வைத்திருக்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மத்தியானம், இந்த நாற்காலியும் போய்விட்டால் அவளைப் பகவதி என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆள் கிடையாது. காய்கறிக்காரன் அம்மா என்பான், மருந்துக் கடையில் மேடம் என்பார்கள். ஆகவே கொண்டு வந்தாள். அலமாரியில் இருந்த ஒரே உருப்படி, கடைசி உருப்படி. கொண்டு வந்தால் நாற்காலி உண்டு, ஆனால் கவுன் பெட்டிக்குள் போய்விடும், யாரோ ஒரு பச்சைப் பிள்ளை அதில் பால் கக்கும், கக்கட்டும், அதற்குத்தானே தைத்தது. அவர் சட்டைகளைக் கொடுத்தபோது அழவில்லை, ஸ்கூட்டரை மகன் விற்றபோது அழவில்லை. இதைக் கொடுக்க முடியுமா? கொடுக்காவிட்டால் பெஞ்சு. கொடுத்தால் மட்டும் என்ன, அடுத்த மாதம் காட்ட எதுவும் கிடையாது, ஒரு மாதம் தள்ளி அதே பெஞ்சு. அப்படியானால் எதற்காகக் கொண்டு வந்தாள்? தெரியவில்லை. ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை, அது சுற்றுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டிய பொய்யைக்கூட வரும் வழியில் தயார் பண்ணிவிட்டாள். நூல் கொஞ்சம் வெளிறிப்போச்சு டீச்சர், இன்னும் அழுத்தமான மஞ்சளா வாங்கியிருக்கணும். நல்ல பொய். யாரும் மறுக்க முடியாத பொய். அதைச் சொன்னதும் கவுன் பெட்டிக்குள் விழும்.

இப்போது பர்வீன் மடியில் இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து வருகிற பெண், வட்டத்தில் எல்லாருக்கும் இளையவள், ஊசியில் நூல் கோக்கும் நேரம் தவிரப் பேசிக்கொண்டே இருப்பவள். அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். மற்றவர்கள் வைத்துப் பார்த்ததைவிட நேரமாக வைத்திருக்கிறாள். பின்பக்கம் பார்த்தாள், முன்பக்கம் பார்த்தாள், மறுபடி பின்பக்கம். அவள் விரல் கவுனின் ஒரு கையின் ஓரத்தில், சின்னச் சுருக்கு வைத்த இடத்தில், போய் நின்றது. அங்கேயே நிற்கிறது. என்ன பார்க்கிறாள்? நிமிர்ந்து பகவதியைப் பார்த்தாள். பகவதி ஜன்னலைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், தொட்டி வழிந்துகொண்டிருக்கும், கட்டாயம் வழிந்துகொண்டிருக்கும், இதற்குள் மாடிப்படியெல்லாம் தண்ணீர். அவர் போன அன்றைக்கும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை மத்தியானம், கவுனை முடித்து, சுருக்கு நூலை உருவி, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "இந்தத் தடவை உன்னால முடியவே முடியாது பாரு" என்றார். குறையை அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறாராம். கண்ணெல்லாம் சிரிப்பு. "எனக்கு வேலை கெடக்கு" என்றாள். வேலை ஒன்றுமில்லை, சும்மா சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு, என்னங்க, மோட்டாரை நிறுத்தலையா என்று அடுக்களையிலிருந்தே கத்தினாள். இரண்டாவது தடவை கோபமாகவே கத்தினாள். வந்தவர்கள் குளியலறைக் கதவை உடைத்து அவரைத் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தி, அக்கம்பக்கமெல்லாம் கூடி, யாரோ போய் அந்த சுவிட்சை அணைத்தபோதுதான் வீடு அமைதியாயிற்று. மறுநாள் சனிக்கிழமை. அவள் செருப்பு மாட்டியிருக்க வேண்டிய நேரம். மேஜை மேல் கவுன் நாலாக மடித்தபடி இருந்தது. அதற்கப்புறம் தடவாத நாள் இல்லை. வெயிலில் வைத்துப் பார்த்தாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாக விரல் நுனியால் எண்ணினாள். முடியவில்லை. ஒளித்தவர் சொல்லாமல் போய்விட்டார். பர்வீன் விரலை எடுத்துவிட்டு, கவுனை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

கவுன் மரகதம் டீச்சரிடம் வந்துவிட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்தவர், இந்த வயதிலும் முதுகு வளையாமல் உட்காருகிறவர். பின்பக்கம் பார்த்தார், ஒரு தடவை, போதும், மடித்துப் பகவதியின் மடியில் வைத்தார். கறிவேப்பிலைப் பேச்சு நின்றது. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். துணி எத்தனையோ கை பட்டு லேசாகச் சூடாக இருந்தது. "சொல்லு பகவதி" என்றார் டீச்சர். நூல் கொஞ்சம் வெளிறிப்போச்சு டீச்சர். நூல் கொஞ்சம் வெளிறிப்போச்சு. வாயைத் திறந்தாள். நூல் வெளிறவில்லை, அவர் கடை கடையாக ஏறி இறங்கி, நூலை வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்கியது, கடைக்காரன் திட்டினான் என்று வந்து சொன்னார். அவர் வைக்காத குறையை அவர் துணி மேல் எப்படி வைப்பது?

"எனக்குத் தெரியல டீச்சர்" என்றாள்.

"தெரியலன்னா? நீ போட்டதுதான?"

"நான் போடல. எங்க வீட்ல அவுக போட்டது. இது மட்டுமில்ல டீச்சர், கண்ணு போனதுலருந்து நான் கொண்டாந்தது எல்லாமே அவுக போட்டதுதான். குறை எங்கன்னு நான் கிளம்பும்போது சொல்லி அனுப்புவாவ. இதுக்குச் சொல்லல. சொல்லாமப் போய்ட்டாவ."

மின்விசிறி கடக்கென்றது. பகவதி சிரிப்புக்காகக் காத்திருந்தாள். இத்தனை நாளும் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான், அதனால் அது வருவதற்கு முன்பே முகம் எரிந்தது. "சாரா?" என்றாள் ஹெலன். "அந்தத் தேன்கூட்டுத் தையல் போட்ட குஷன் கவர்?" "அதுவும்தான்." "மழையன்னிக்குக் கொண்டாந்தியளே, நீலக் கவுன்?" "அதுவும்." ஒவ்வொரு அதுவும் சொல்லும்போதும் உடம்பிலிருந்து எதையோ பிய்த்துக் கொடுக்கிற மாதிரி வலித்தது, பிய்த்த இடம் காற்றுப்பட்டுச் சில்லென்றும் இருந்தது. ஹெலன் சிரித்தே விட்டாள். ஆனால் அது பகவதி பயந்த சிரிப்பு இல்லை. "அடப் பாவி மனுசா. வண்டி மேல சாஞ்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத பிள்ள மாதிரி நிப்பாரே" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். பகவதி கவுனைக் கொடுத்தாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பின்பக்கத்தைத் திருப்பி, இந்தத் தடவை வரிசை வரிசையாகப் பார்த்தார். "ஒண்ணு வச்சிருக்காருங்கியா?" "எப்பவும் ஒண்ணு வைப்பாவ டீச்சர். வச்சிருக்கேன்னு சொன்னாவ." "எனக்குப் படல. நீ பாரு" என்று பக்கத்தில் கொடுத்தார்.

ஒரு உருப்படி இரண்டாம் சுற்று சுற்றியதே கிடையாது அந்த வட்டத்தில், அதுவும் எதிர்த்திசையில், எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு. தலைகள் சேர்ந்து குனிந்தன. இந்தா இதுதான், இல்லை இது கசங்கினது, இங்க மூணு மடிப்பு சேந்திருக்கா, இல்ல ரெண்டுதான், அளந்து வச்ச மாதிரில்லா இருக்கு, ஸ்கேலு வச்சுத் தச்சிருப்பாரோ, எல்லா மடிப்பும் ஒண்ணு போல எந்திரிச்சு நிக்குது பாரேன். யாரும் உற்றுப் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவள் நாற்காலி நுனிக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது கண்டுபிடித்துவிட வேண்டும். அவர் காதோடு சொல்ல இருந்த ஒரு வாக்கியம் அந்தத் துணியில் இருக்கிறது, யாராவது அதைப் படித்துச் சொல்லிவிட்டால் போதும். கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடித்தால் குறை சொன்னதாகிவிடும், சொன்னது பெட்டிக்குள் போகும். கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்காதீர்கள். எதை வேண்டுவது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டாள். கவுன் பர்வீனிடம் வந்தது. அவள் பின்பக்கம் திருப்பவில்லை. தேடவும் இல்லை. கவுனின் அந்தக் கையின் ஓரத்தில், முன்பு விரல் நின்ற அதே இடத்தில், கட்டை விரலை வைத்து மூடிக்கொண்டாள். கைக்கருகில் இருக்கிற புள்ளிதான் பகவதிக்குத் தெரியாது, எட்டத்தில் இருக்கிற விரல் நன்றாகத் தெரியும். பர்வீன் சுவரோரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள், பகவதியைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியல பகவதிம்மா" என்றாள்.

சுற்று முடிந்து கவுன் ஹெலன் வழியாகத் திரும்பி வந்தது. "யாருக்கும் தெரியலன்னா காட்டின கணக்கு இல்ல" என்றார் டீச்சர், எப்போதும் பேசுகிற அதே கறார்க் குரலில். "பெட்டிக்குள்ள போகாது. அடுத்த மாசம் கொண்டா. மறுபடி பாப்போம்." சட்டம் சட்டம்தான், அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பது மாதிரி அடுத்தவளிடம் திரும்பி, நீ என்ன கொண்டாந்திருக்க, எடு என்றார். ஒரு தலையணை உறை சுற்றக் கிளம்பியது. பகவதி மடியில் கவுனை நீவினாள். பர்வீன் மூடினது கவுனின் எந்தக் கை என்று அவளுக்குத் தெரியும். தடவிப் பார்த்தால் இப்போது அகப்பட்டுவிடும், ஒரே இடம்தான், விரல் நுனி போதும். தடவவில்லை. அந்தக் கையை முதலில் உள்ளே மடக்கி, அதன் மேல் மற்றக் கையை மடக்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். யாரோ பிளாஸ்க்கைத் திறந்து டம்ளர்களை வட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள், அவளுக்கு நாற்காலியிலேயே டீ வந்தது. ஏலக்காய் தூக்கலாகப் போட்டிருந்தார்கள். டீச்சர் ரெண்டு தடவை பின்பக்கம் பாத்தா. அளந்து வச்ச மாதிரி இருக்குன்னு சொன்னாவ. எல்லா மடிப்பும் ஒண்ணு போல எந்திரிச்சு நிக்குதாம். ஹெலன் உங்களைப் பாவி மனுசான்னா. வழக்கம்போல ஒன்று விடாமல், யார் சொன்னது எது என்று மாறிவிடாமல், வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தாள். கடைசி வரை அடுக்கி முடித்த பிறகுதான் வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பது நினைவு வந்தது. டம்ளரின் சூடு உள்ளங்கையில் இருந்தது. தலையணை உறை அவள் முறைக்கு வந்தபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதை வாங்கி, முதலில் பின்பக்கத்தைத் திருப்பினாள்.